எந்தப் பக்கம் நிற்கும்?

சங்கரன்கோவில்
11.2.2025

ஆவுடையம்மாளுக்கு யோவான் எழுதுவது.

நான்கு வருடங்களுக்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் தோட்டத்து மோட்டாருக்காக நான் செய்த பெட்டியை என் மேசைமேல் திறந்து வைத்திருந்தேன். அதிலிருந்த ஒரு டிரான்சிஸ்டரைத் திருப்புளி முனையால் தொட்டுக்காட்டி, "சார், ஒண்ணு கேக்கேன். இது கெட்டுப்போச்சுன்னா எந்தப் பக்கம் நிக்கும்? ஆன்லயா, ஆஃப்லயா?" என்றார்.

நான் சிரித்தேன். "பேஸில் கரண்ட் இல்லையென்றால் கலெக்டரில் கரண்ட் இல்லை. பாடம் அவ்வளவுதான் துரை" என்றேன்.

அது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அவர் கேட்டது கெட்டுப்போன பொருளைப் பற்றி. நான் சொன்னது நன்றாக இருக்கும் பொருளைப் பற்றி. இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் என்னோடு நின்ற மனிதர். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று மூடியைப் போட்டுத் திருகிவிட்டார்.

ஒன்பது தடவை உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று கேட்க எனக்கு முகமும் இல்லை. போன வாரம் பேருந்து நிலையத்தில் உங்கள் ஊர் ராயகிரிக்காரர் ஒருவரைப் பார்த்தேன். "இசக்கித்துரை சம்சாரம்தான் சார் சுவிச்ச மாத்திப் போட்டுட்டு. பாவம், மவ கூட இப்ப பேசுததில்லையாம்" என்றார். நீங்கள் புளியங்குடியில் தம்பி வீட்டில் இருப்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

துரை இறந்தது கரண்ட்காரர்கள் செய்த ஏதோ கோளாறு என்றுதான் ஏழு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பழி உங்கள் தலையில் இருப்பது தெரியாது. இது சாக்கு இல்லை. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆவுடையம்மாள், பெட்டி கெட்டிருக்கக் கூடும். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அது யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

யோவான்

&nbsp;

புளியங்குடி
2.3.2025

யோவான் சாருக்கு,

கடிதம் கிடைத்தது. தம்பி பெண்டாட்டி பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தாள். இந்த வீட்டில் போனும் அப்படித்தான். நான் பேசினால் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லாரும் கேட்கிறார்கள். அதனால்தான் உங்கள் போனை எடுக்கவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லாமல் இல்லை. சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தீர்கள், கடைசி வரிசையில் நின்றீர்கள், என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டீர்கள். அப்போதே ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

"கெட்டிருக்கக் கூடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கூடும் என்றால் என்ன சார்? எனக்குக் கூடும் எல்லாம் வேண்டாம்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் யார் வாய்வழியாகக் கேட்டீர்களோ தெரியாது. நான் சொல்லுகிறேன். சனிக்கிழமை. காலையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, கரண்ட் போய்விட்டது. கிணற்றுக்குள்ளே மேடையில்தானே மோட்டார் இருக்கிறது, அதில் ஒரு வயர் கருகின வாடை ரெண்டு நாளாக வருகிறது, கரண்ட் வருவதற்குள் மாத்திருவோம் என்று எங்கள் வீட்டுக்காரர் இறங்கினார்கள். நான் பம்புசெட் ரூமில் நின்றேன். எப்பவும் அதுதான் வழக்கம். அவர்கள் கீழேயிருந்து, "ஏட்டி, ஆஃபா?" என்று சத்தம் போடுவார்கள். நான் சுவிட்சைத் தள்ளிவிட்டு, "ஆஃப்தான்" என்று சொல்லுவேன். அன்றைக்கும் சொன்னேன். கரண்டே இல்லாதபோதும் தள்ளினேன். அதுக்குப் பிறகு சேலை முந்தியை உதறிக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன்.

கரண்ட் வந்தது எனக்குத் தெரியும். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். உங்கள் பெட்டிச் சத்தம்தான். நான் ஆஃப் பண்ணின பெட்டி எப்படிச் சத்தம் போடும் என்று நினைக்கிறதுக்குள்ளே எல்லாம் முடிந்துவிட்டது.

கொழுந்தன் ஓடிவந்து கம்பால் அடித்துப் பெட்டியைச் சுவரைவிட்டே பெயர்த்தான். சுவிட்ச் முனை ஒடிந்து போயிற்று. அது எந்தப் பக்கம் இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. என் மாமியார் அன்றைக்கே சொல்ல ஆரம்பித்தாள். "எம்மவன உள்ள இறக்கிவிட்டுட்டுக் கரண்ட விட்டுட்டாளே பாவி." மகள் தேன்மொழி சென்னையில் நர்சு வேலையில் இருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவள் காதில் விழுந்த முதல் பேச்சு அதுதான்.

பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். கெட்டுப்போனால் எந்தப் பக்கம் நிற்கும்? அவர்களுக்குச் சொல்லாததை எனக்குச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தைத் தேன்மொழிக்கு அனுப்புவேன்.

ஆவுடையம்மாள்

&nbsp;

சங்கரன்கோவில்
9.3.2025

ஆவுடையம்மாளுக்கு,

முப்பத்து நான்கு வருடம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். இந்தத் தடவைதான் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்தேன்.

டிரான்சிஸ்டர் என்பது ஒரு மடை. உங்கள் எலுமிச்சைத் தோட்டத்து வாய்க்காலில் மடைப்பலகை இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் முட்டி நிற்கும். பலகையைத் தூக்கக் கொஞ்சம் பலம் போதும். தூக்கினால் பாய்கிற தண்ணீர் ஏராளம். டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்கள். மின்சாரம் முட்டி நிற்கும் கால் கலெக்டர். அது வெளியேறும் கால் எமிட்டர். இந்த இரண்டுக்கும் நடுவில் பேஸ் என்று ஒரு கால். அதுதான் பலகையைத் தூக்கும் கை. பேஸில் ஒரு துளி மின்சாரம் விட்டால், மற்ற இரண்டுக்கும் நடுவே அதைப்போல ஐம்பது மடங்கு, நூறு மடங்கு பாயும். துளியை நிறுத்தினால் வெள்ளமும் நிற்கும்.

பலகையைக் கொஞ்சம் ஏற்றிக் கொஞ்சம் இறக்கி, துளியின் அசைவையே வெள்ளத்தின் அசைவாக ஆக்கலாம். எங்கள் சபையில் போதகர் ஐயர் மைக்கில் மெதுவாகப் பேசுவது வாசல்வரை கேட்பது அப்படித்தான். அல்லது பலகையை முழுக்கத் தூக்குவது, முழுக்கப் போடுவது என்று இரண்டே நிலையில் வைத்துக்கொள்ளலாம். அப்போது அது சுவிட்ச். தேன்மொழி கையிலுள்ள செல்போனுக்குள் இப்படிக் கோடிக்கணக்கான மடைகள் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் பெட்டிக்குள் இருப்பது இரண்டே இரண்டு.

முதலாவது மடை தொட்டியைக் கவனிப்பது. தொட்டி விளிம்பில் இரண்டு கம்பிகளைத் தொங்கவிட்டோம் அல்லவா? தண்ணீர் நிறைந்து இரண்டையும் தொட்டால், அந்தத் தண்ணீர் வழியாகவே ஒரு துளி மின்சாரம் பாய்ந்து முதல் மடையைத் திறக்கும். அது திறந்தால், இரண்டாவது மடையின் பேஸுக்குப் போகவேண்டிய துளியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இரண்டாவது மூடிக்கொள்ளும், மோட்டார் நிற்கும். தொட்டி வற்றினால் முதலாவது மூடும், இரண்டாவது திறக்கும். இரண்டாவது திறந்தால் ரிலேக்கு மின்சாரம் போகும். ரிலே என்பது கம்பி சுற்றிய ஒரு சின்னக் காந்தம். அது இழுக்கும்போது வருவதுதான் நீங்கள் கேட்ட டக் சத்தம். ரிலே இழுத்தால் ஸ்டார்ட்டர் பிடிக்கும், மோட்டார் ஓடும்.

இப்போது நீங்கள் தள்ளிய சுவிட்ச். இதை மறைக்காமல் எழுத வேண்டும். அது மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச் இல்லை அம்மா. இரண்டாவது மடையின் பேஸைப் பட்டினி போடும் சுவிட்ச், அவ்வளவே. பழைய ஸ்டார்ட்டரை ஈரக்கையால் தொட்டு உங்களுக்கு ஷாக் அடித்ததாகத் துரை சொன்னார். "அவ கைய எப்பவும் ஈரமாத்தான் வச்சிருப்பா சார், கேக்கமாட்டா" என்றார். அதனால் உங்கள் கைபடும் இடத்தில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது என்று அந்தச் சுவிட்சைப் பேஸ் பக்கம் வைத்தேன். நனைந்த கையால் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. அதில் எனக்குப் பெருமை இருந்தது. உங்களைக் காப்பாற்ற வைத்த சுவிட்ச் அது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அன்றைக்கு நானும் துரைக்கு இந்த மடை உதாரணத்தைத்தான் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "மடைப்பலகை உடைஞ்சா தண்ணி பாஞ்சுதானே சார் போவும்? மூடிக்கிடாதுல்லா?" என்றார். நான், "உதாரணத்தை ரொம்ப இழுக்காதேயும் வே" என்று சொல்லிவிட்டேன்.

உதாரணம் சரி. துரையும் சரி. நான்தான் தப்பு. சூட்டாலோ அதிர்ச்சியாலோ டிரான்சிஸ்டர் செத்தால், பெரும்பாலும் கலெக்டரும் எமிட்டரும் உள்ளே உருகி ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பலகையே இல்லாத மடை. அதற்குப் பிறகு பேஸைப் பட்டினி போட்டாலும் ஒன்றுதான், சோறு போட்டாலும் ஒன்றுதான். கரண்ட் வந்தால் ரிலே இழுக்கும்.

கெட்டுப்போனால் அது ஆனில்தான் நிற்கும். போன கடிதத்தில் "கூடும்" என்று எழுதியது என் கோழைத்தனம்.

இன்னும் ஒன்று உண்டு. ஓடும் மோட்டார் சட்டென்று நின்றால் குழாய் ஒருமுறை உதறுமே, பார்த்திருப்பீர்கள். ஓடிவந்த தண்ணீருக்கு நிற்க இடமில்லாமல் திருப்பி முட்டுகிறது. ரிலேயின் கம்பிச்சுருளும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் அது திருப்பி அடிக்கும். பன்னிரண்டு வோல்ட் சுருள் நூறு, இருநூறு வோல்ட்டாக அடிக்கும். அந்த அடி முழுவதும் இரண்டாவது டிரான்சிஸ்டர் மேல்தான் விழும். விழாமலிருக்க, சுருளுக்குக் குறுக்கே டயோடு என்று நெல்மணி அளவுக்கு ஒரு பொருளைப் போடுவோம். திருப்பி அடிக்கும் மின்சாரம் அதன் வழியாகச் சுற்றி அடங்கிவிடும்.

போன வருடம் மார்ச்சில் துரை அந்தப் பெட்டியைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தார். டயோடு கருகியிருந்தது. கழற்றினேன். மாற்றிப்போட கையில் வேறு இல்லை என்று நினைத்தேன். என் மகன் ஆசிர் கல்யாணம் அந்த வாரம். பெட்டியை ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. டயோடு இல்லாமலும் ஓடும், அதுதான் அதிலுள்ள ஆபத்து. "கொண்டுபோங்க துரை, அப்புறம் போட்டுக்கிடுவோம்" என்றேன். அப்புறம் என்பது வரவில்லை. மார்ச் முதல் ஜூலை வரை நீங்கள் ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் அந்த டிரான்சிஸ்டர் அடி வாங்கியிருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த பிறகு மேசை டிராயரைத் தேடினேன். இருமல் மருந்து மூடி ஒன்றில் பதினொரு டயோடுகள் இருந்தன. துரையின் கையெழுத்தில் "நல்லது" என்று சீட்டு ஒட்டியிருந்தது. அவர் எண்ணி வைத்துவிட்டுப் போனவை.

இந்தக் கடிதத்தைத் தேன்மொழிக்குக் காட்டுங்கள். யாருக்கு வேண்டுமானாலும் காட்டுங்கள்.

யோவான்

&nbsp;

புளியங்குடி
20.4.2025

சார்,

உங்கள் கடிதத்தைப் போட்டோ எடுத்துத் தேன்மொழிக்கு அனுப்பினேன். பத்து நாள் பதில் இல்லை. அதுக்குப் பிறகு ஒரு வரி வந்தது. "யோவான் சார் நல்லவர். உனக்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார். நீ அவரையும் இழுக்காதே."

இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. நீங்களும் நினைத்திருக்க மாட்டீர்கள். நீங்கள் நல்லவர் என்று ஊரெல்லாம் பேர் வாங்கி வைத்திருப்பதால் நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை நான் ஏழெட்டுத் தடவை படித்தேன். மடை புரிந்தது. பலகை உடைந்தது புரிந்தது. அவர்கள் கேட்டதையும் நீங்கள் தட்டிக்கழித்ததையும் படித்தபோது கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். திருப்பி எடுத்து நீவி வைத்தேன். வேறு எங்கே போவேன்.

ஆனால் நீங்கள் ஒன்றை எழுதவில்லை. இறப்பதற்கு ரெண்டு நாளுக்கு முன்னால், வியாழக்கிழமை, அவர்கள் உங்களுக்குப் போன் பண்ணினார்கள். நான் பக்கத்தில் கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க சுவிட்சை ஒரு தடவை தள்ளினால் மோட்டார் நிற்காது. ரெண்டு தடவை, மூணு தடவை தட்டினால்தான் டக்கென்று விடும். நான்தான் சொன்னேன், சாரிடம் கேளுங்கள் என்று. அவர்கள் பேசிவிட்டு, "சார் சொல்லிட்டாவ, ஒண்ணுமில்லியாம்" என்று போனை வைத்தார்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

கோபத்தில் கேட்கவில்லை. எனக்கு வேறு ஒரு பயம் வந்திருக்கிறது. ஒன்பது மாதமாக எல்லாரும் சொல்லிச் சொல்லி, என் விரல் எந்தப் பக்கம் தள்ளியது என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. முன்னெல்லாம் கண்ணை மூடினால் விரல் மேலே தள்ளுவது தெரியும். மேலே தள்ளினால் ஆஃப். இப்போது மூடினால் சில நாள் மேலே போகிறது, சில நாள் கீழே போகிறது.

அவர்கள் "ஆஃபா?" என்று கேட்டது மட்டும் மாறவில்லை.

ஆவுடையம்மாள்

&nbsp;

சங்கரன்கோவில்
26.4.2025

ஆவுடையம்மாளுக்கு,

துரை போன் செய்தது உண்மை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்கள். மறக்கவில்லை. எழுதக் கை வரவில்லை.

"சார், பெட்டி விட மாட்டேங்கு. ரெண்டு மூணு தட்டு தட்டினாத்தான் விடுது" என்றார். நான் அப்போது சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். "ரிலேல தூசி அடைஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமை கொண்டாங்க, பாத்துக்கிடலாம்" என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள் சனிக்கிழமை.

அது தூசி இல்லை. பலகை விரிசல் விட்டுக் கசியத் தொடங்கியிருந்தது. சுவிட்சைத் தள்ளிய பிறகும் கசிகிற மின்சாரம் ரிலேயை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இதைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டிருந்தால்கூட ஒருவராவது சொல்லியிருப்பார்கள். நான் விலை பேசிக்கொண்டே சொன்ன பதிலை ஒரு மனிதர் நம்பிக் கிணற்றில் இறங்கினார்.

எங்கள் ஐயரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "கர்த்தர் மன்னித்துவிட்டார், சமாதானமாகப் போங்க சார்" என்றார். எனக்குச் சமாதானம் வரவில்லை. நான் தீங்கு செய்தது கர்த்தருக்கு இல்லையே. அதிலிருந்து ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எழுந்து போவதில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முழங்கால் வலி என்று எல்லாரும் நினைக்கிறார்கள்.

உங்கள் விரலைப் பற்றி எழுதியது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. விரலின் ஞாபகத்தை நம்ப வேண்டாம். என் கடிதத்தையும் நம்ப வேண்டாம். தேன்மொழி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது; மனிதர் சொல்வது சாட்சி, அதைச் சந்தேகிக்கலாம். ஆனால் சாக்குக்குள் ஒரு பொருள் கிடக்கிறது. அதற்கு யார் மேலும் பாசம் இல்லை. ஒட்டிப்போயிருந்தால் அது ஒட்டிப்போயே இருக்கும், எத்தனை மாதம் ஆனாலும். துரையின் மல்டிமீட்டர் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் சோதித்துவிடலாம். ஒரு நிமிட வேலை.

யோவான்

&nbsp;

புளியங்குடி
8.6.2025

சார்,

மீன் வாங்கிக்கொண்டே சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதம் உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

மீட்டர் இருக்கிறது. மஞ்சள் பையில் சுற்றி அவர்கள் வைத்தபடியே இருக்கிறது. ரெண்டு தடவை சாக்கை அவிழ்த்தேன். ரெண்டு தடவையும் திருப்பிக் கட்டிவிட்டேன். சார், அது கெடாமல் இருந்தால்? அப்போது நான்தான் என்று ஆகிவிடும். இப்போதாவது எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. அதையும் பிடுங்கிக்கொள்ளச் சொல்லுகிறீர்கள்.

தேன்மொழி போன் பண்ணினாள். பதினோரு மாதத்தில் முதல் தடவை. இருபத்தாறாம் தேதி வருஷத் திதிக்கு வருகிறாள். வந்து ஒரு நாள்தான் இருப்பாளாம். சொன்னாள், "அம்மா, நீ வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும். தப்பாத் தள்ளிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் மன்னிச்சிருவேன். நீ இல்லை இல்லைன்னு சொல்லுததுதான் எனக்குத் தாங்கல."

நான் யோசித்துவிட்டேன். ஒத்துக்கொள்ளப் போகிறேன். திதி முடிந்ததும் எல்லார் முன்னாலும், நான்தான் தப்பாகத் தள்ளினேன் என்று சொல்லிவிடுவேன். சொன்னால் அவள் அம்மா என்று கூப்பிடுவாள், சென்னைக்குக் கூட்டிப் போனாலும் போவாள். அவர்கள் திரும்பி வரப்போவதில்லை. மகளாவது வரட்டும். உண்மையை வைத்துக்கொண்டு இந்தக் கட்டிலில் நான் என்ன பண்ண?

இனிமேல் நீங்கள் எழுத வேண்டாம். பெட்டியைத் திதி அன்றைக்கே குளத்தில் போட்டுவிடுவேன்.

ஆவுடையம்மாள்

&nbsp;

சங்கரன்கோவில்
14.6.2025

ஆவுடையம்மாளுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது கடைசி.

நீங்கள் ஒத்துக்கொண்டால் தேன்மொழி அம்மா என்று கூப்பிடுவாள், அது எனக்கும் தெரிகிறது. ஆனால் அவள் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும், மன்னித்த குரலில் கூப்பிடுவாள். நீங்கள் அந்தக் குரலில் இருபது வருடம் குடியிருக்க வேண்டும். அவளும் தன் அப்பாவைக் கொன்ற கைகளிலிருந்து சோறு வாங்கித் தின்ன வேண்டும். நீங்கள் பொய் சொல்லி வாங்கும் மன்னிப்பில் தப்பித்துப் போகிறவன் நான் ஒருவன்தான். அந்த உதவியை எனக்குச் செய்யாதீர்கள்.

சோதனை உங்களுக்குச் சாதகமாக வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை நிச்சயமாகப் பதில் சொன்னவன் நான். அந்த டிரான்சிஸ்டர் நல்லதாக இருந்தால், உங்கள் விரல் தவறியிருக்கலாம் என்று ஆகும். அப்போதும் ஒன்று மாறாது. ஒரு விரல் மேலே போவதா கீழே போவதா என்பதில் ஓர் உயிரைத் தொங்கவிட்டவன் நான். இறங்குவதற்கு முன்னால் ஃபியூஸைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள் என்று துரையிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை. பெட்டி இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். இதை அவளிடம் சொல்லுங்கள். அல்லது நானே இருபத்தாறாம் தேதி வந்து வாசலில் நின்று சொல்கிறேன். உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை.

நீங்கள் மீட்டரைத் தொட வேண்டாம். உங்கள் கையில் கொடுத்தால், நீங்கள் ஏதோ செய்தீர்கள் என்பார்கள். என் கையில் கொடுத்தால், சார் நல்லவர் என்பார்கள். கீழே உள்ளதை மட்டும் கிழித்துத் தேன்மொழி கையில் கொடுங்கள். அதன்பிறகு நீங்கள் எதை ஒத்துக்கொண்டாலும் தடுக்க எனக்கு உரிமை இல்லை.

யோவான்

&nbsp;

தேன்மொழிக்கு,

நான் சொல்வதை நம்பாதே அம்மா. நான் நல்லவன் என்பதற்காக எதையும் நம்பாதே. உன் அப்பா ஆய்வகத்தில் எந்தச் சாமானையும் வாய்ச்சொல்லை வைத்து "நல்லது" என்றோ "பழுது" என்றோ சீட்டு ஒட்டியதில்லை. மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவார்.

சாக்கிலிருந்து பெட்டியை எடு. பச்சை சர்க்யூட் அட்டையில் வெள்ளித் தொப்பி போட்ட மாதிரி இரண்டு டிரான்சிஸ்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று கால். தொப்பி விளிம்பில் சின்னதாக ஒரு நீட்டல் இருக்கிறதே, அதற்கு அருகிலுள்ள கால் எமிட்டர். தொப்பியே கலெக்டர். அப்பாவின் மீட்டர் குமிழை மணிச்சத்தம் எழுப்பும் குறிக்குத் திருப்பிக்கொள். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார், மீட்டர் கத்தும். கத்தினால் இரண்டுக்கும் நடுவே வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். கத்தாவிட்டால் மடை மூடியிருக்கிறது.

முதலில் தொட்டிக் கம்பிகள் வந்து சேரும் பக்கத்திலுள்ள டிரான்சிஸ்டர். ஒரு முனையைத் தொப்பியில் வை, மற்றதை எமிட்டர் காலில் வை. பிறகு முனைகளை மாற்றி வை. நல்ல டிரான்சிஸ்டர் இரண்டு தடவையும் வாய் திறக்காது.

அடுத்ததாக, கறுப்பு ரிலேக்குப் பக்கத்தில் இருப்பது. உன் அம்மாவை அருகில் உட்காரச் சொல். முனைகளைத் தொப்பியிலும் எமிட்டர் காலிலும் வை, பிறகு மாற்றி வை, மீட்டர் கத்துகிறதா என்று உன் காதால் கேள்.